இசையும் உள்ளத்து உணர்வும்: நம் நூல்கள் காட்டும் தெளிவு

இசை நன்மை பயப்பதா, தீமை பயப்பதா என்னும் வினா நம் இல்லங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. திருக்கோயிலில் தோத்திரம் பாடுகிறோம். விழா நாள்களில் மேளம் முழங்குகிறது. ஆயின் துறவியரோ இசையின்பத்தையும் கூத்தின்பத்தையும் அறவே விலக்கி நிற்கின்றனர். "ஒன்றனையே போற்றுவதும் விலக்குவதும் எவ்வாறு பொருந்தும்?" என்று பிள்ளைகள் கேட்குங்கால் பெற்றோர் விடை கூறத் தயங்குகின்றனர். நம் தத்துவ நூல்களும் காப்பியங்களும் இவ்வினாவுக்குத் தரும் விடையை ஈண்டு முறையாகக் காண்போம்.

1. பண்டைத் தமிழ் மரபு

இசைக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் யாழையும் எண்ணுகிறது. அந்நூலின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என உணர்வுகளை எட்டாக வகுத்துரைக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைகளைச் சிலப்பதிகாரத்தாலும் அதன் உரைகளாலும் விரிவாக அறிகிறோம். விளரிப் பண்ணை இரங்கலுக்கு உரியதாகப் புலவர் போற்றினர்.

இன்ன பண் இன்ன உணர்வை எழுப்பும் என்பது மரபு. ஆனால் அவ்வுணர்வு உறைவது பண்ணிலா, கேட்பவர் உள்ளத்திலா? இதுவே நாம் ஆராய வேண்டிய நுட்பமான வினா.

2. தத்துவ நூல்களின் விடை

தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் ஒலியைப் புத்கலத்தின் ஒரு பரிணாமம் என்று கூறுகிறது. அதற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வரைந்த பூஜ்யபாதர், கருவிகளால் எழும் ஒலியைத் தோல், நரம்பு, கஞ்சம், துளை என்னும் நால்வகைக் கருவிகளுக்கேற்பப் பகுக்கிறார். தமிழிசை மரபில் வழங்கும் கருவிப் பகுப்பும் இதனோடு ஒத்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

ஒலி புத்கலம் என்றால் அது உயிரற்றது; அதற்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. உணர்வோ உயிரின்கண் மோகனீய கர்மத்தின் உதயத்தால் எழுவது. அக்கர்மத்தின் வகைகளுள் கோபம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் உள்ளன. நகை, விருப்பு, வெறுப்பு, சோகம், அச்சம், அருவருப்பு ஆகியவையும் மூவகை வேதங்களும் சேர்ந்த ஒன்பதும் நோகஷாயங்கள் எனப்படும். தொல்காப்பியர் கூறிய நகை, அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி ஆகியவற்றை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கணம் மெய்ப்பாடு என்று கண்டதன் வேரைத் தத்துவம் காட்டுகிறது.

ஆகவே இசை நிமித்தம். உயிரின் நிலையே உபாதானம். ஓர் எளிய எடுத்துக்காட்டு: திருமண வீட்டில் நாகசுரம் ஒலிக்கிறது. மகளைப் பிரியப்போகும் தாய் கண் கலங்குகிறாள். மணமகனின் தங்கை மகிழ்கிறாள். பந்தி பரிமாறுபவர் அதனைக் காதில் வாங்கவே இல்லை. நாதம் ஒன்று, உள்ளங்கள் மூன்று.

3. காப்பியங்கள் காட்டும் நான்கு காட்சிகள்

முதலாவது, சிலப்பதிகாரத்துக் கானல்வரி. புகார்க் கடற்கரையில் மாதவி யாழைத் திருத்திக் கோவலனிடம் தருகிறாள். அவன் பாடிய பாட்டில் வேறொருத்தி மேல் நினைவிருப்பதாக அவள் எண்ணுகிறாள். தானும் வேறு குறிப்புடையாள்போலப் பாடுகிறாள். அவனோ அதனை மெய்யென்று கொண்டு பிரிகிறான். யாழ் எவரையும் பிரிக்கவில்லை. உள்ளத்திலிருந்த ஐயமே பாட்டில் தன் உருவைக் கண்டது.

இரண்டாவது, யசோதர காவியம். நள்ளிரவில் யானைப்பாகன் ஒருவன் பாடிய பாட்டைக் கேட்டு அரசி அமிர்தமதி அவன் முகமும் காணாமலே மனம் இழக்கிறாள். அவ்விழுக்கு, கணவனையும் மாமியையும் நஞ்சிட்டுக் கொல்லும் அளவுக்கு வளர்ந்தது. காவலற்ற உள்ளத்தில் இனிய ஓசை என்ன செய்யும் என்பதற்கு இதனினும் கடுமையான எச்சரிக்கை வேண்டுவதில்லை.

மூன்றாவது, சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகம். தத்தை பாடுங்கால் புருவம் ஏறவில்லை, கண் அசையவில்லை, மிடறு விம்மவில்லை என்று திருத்தக்கதேவர் அவள் பாடும் முறையைச் சிறப்பிக்கிறார். சீவகனோ தன்முன் வைத்த வீணைகளின் குற்றங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய பின்னரே பாடத் தொடங்குகிறான். இசையை நம் பெரியோர் இகழவில்லை. அடக்கமும் ஆராய்ச்சியும் உடைய கலையாகவே போற்றினர் என்பதற்கு இவ்விலம்பகம் சான்று.

நான்காவது, ஜினசேனாசாரியர் 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஆதிபுராணம் உரைக்கும் நீலாஞ்சனை வரலாறு. ரிஷபதேவரின் அவையில் இசைக்கேற்ப ஆடிக்கொண்டிருந்தபோதே அவளுடைய ஆயுள் முடிந்தது. சுவை கெடாதிருக்கும் பொருட்டு இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற மற்றொருத்தியை நிறுத்தினான். அவையோர் வேறுபாடு அறியாது களித்தனர். பகவான் மட்டும் அறிந்தார், உலகின் நிலையாமையை உணர்ந்து துறவு மேற்கொண்டார். அதே இசை, அதே ஆடல். பலருக்குக் களிப்பு, ஒருவருக்கு வைராக்கியம்!

4. இல்லறத்தார்க்கும் துறவியர்க்கும்

இனித் தொடக்க வினாவுக்கு வருவோம். குந்தகுந்தாசாரியர் உயிரின் உபயோகத்தை அசுபம், சுபம், சுத்தம் என மூன்றாகப் பிரித்துரைத்தார். புலனின்பத்தைத் தூண்டும் இசையில் அழுந்துதல் அசுபத்துக்கு வழி. அருகனின் குணங்களை நினைந்து பாடுதல் சுபம். அது புண்ணியம் தருவது, இல்லறத்தார்க்கு ஏற்றது. விருப்பும் வெறுப்புமற்ற சுத்த நிலையை நாடுபவர் துறவியர். ஆதலின் அவர்க்கு ஓசையின் துணையும் வேண்டுவதில்லை. ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர் அப்படியை இகழ்தலும் தவறு. அதுவே மாடி என்று எண்ணி அமர்ந்துவிடுதலும் தவறு.

அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது இராகத்தோடு நிறுத்திவிடாமல் பொருளையும் சொல்லிக் கொடுங்கள். குரல் இனிமையாக இருந்தும் பொருள் நெஞ்சில் பதியாவிட்டால் செவிக்கு விருந்தாயிற்றே அன்றி உயிர்க்கு உணவாகவில்லை. வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பிள்ளைகள் ஒரு பாட்டைக் கேட்டால் உடனே கடிந்து தடுப்பதினும், "இதைக் கேட்டபின் உன் உள்ளம் அமைதி பெற்றதா, கலங்கிற்றா?" என்று கேட்பது மேல். தன்னைத் தானே நோக்கும் பழக்கம் அவ்வொரு கேள்வியில் தொடங்கிவிடும்.

வீட்டில் கூடிச் சிந்திக்க

1. ஒலி புத்கலம் என்றால், "சோகமான இராகம்" என்று நாம் கூறுவதன் பொருள் யாது?

2. அமிர்தமதியும் ரிஷபதேவரும் கலையை எதிர்கொண்ட முறையில் உள்ள வேறுபாடு யாது?

3. நாம் அண்மையில் பாடிய தோத்திரம் ஒன்றின் பொருளை, நூலைப் பாராமல், நம் சொற்களில் கூற இயலுமா?

மூன்றாம் வினாவைப் பெரியோர் முதலில் தமக்கே கேட்டுக்கொள்வாராக.

அறம் வளர்க!