காக்கியிலிருந்து கறுப்பு அங்கிக்கு

கேள்வி: போலீஸ் வேலையை விட்டுச் சட்டம் படித்து, ஏழைக் கைதிகளுக்காக வாதாட விரும்புகிறேன். பிடித்தவரே காப்பாற்றுவது முரண் அல்லவா?

பதில்: இல்லை, தாராளமாக வாருங்கள். உங்கள் போலீஸ் அனுபவம் இதற்கு உதவும். போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்ட விதியை 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் காப்பாற்றியிருக்கிறது. அந்த வாக்குமூலத்தின்வழி பொருள் சிக்கினால், அதைக் குறிக்கும் பகுதி மட்டும் செல்லும். அதனால் பல வழக்குகளின் உயிர், பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் இருக்கிறது. அது எப்படி எழுதப்படுகிறது, சாட்சி எப்போது கையெழுத்திடுகிறார் என்று ஸ்டேஷனுக்குள் பார்த்தவரின் குறுக்கு விசாரணை கூர்மையாகத்தான் இருக்கும். குற்றவாளியைத் தப்பவிடுவதா என்பார்கள். ஆனால் குற்றத்தை நிரூபிப்பது அரசின் கடமை. வழக்கறிஞர் துணை கைதானவரின் அடிப்படை உரிமை. நீங்கள் விசாரித்த வழக்குகளை மட்டும் தொடாதீர்கள். 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டப்படி முழுநேரச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்ததும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.