ஆடை சொன்ன வரலாறு

தில்லியில் குடியரசு நாள் அணிவகுப்பு நடைபெறும் அகன்ற சாலையை மாணவர் பலரும் கண்டிருப்பர். இன்று கர்த்தவ்ய பத் எனப்படும் அச்சாலை முன்னர் ராஜ்பத் என வழங்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் அங்கே ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் திரண்டனர். ரிச்சர்டு அட்டன்பரோ இயக்கிய 'காந்தி' திரைப்படத்திற்காக, அண்ணலின் இறுதி ஊர்வலக் காட்சி அன்று படமாக்கப்பட்டது. உண்மையான ஊர்வலம் நடந்து அன்றோடு 33 ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன. இக்காலத்தில் கணினி வரைகலை சில நூறு பேரைப் பல இலட்சமாகப் பெருக்கிக் காட்டும். அன்று அவ்வசதி இல்லை, மக்களே வரவேண்டியிருந்தது.

அப்படத்தின் இந்திய மாந்தர்க்கு ஆடை வடிவமைத்தவர் பானு அத்தையா. இவர் 1929இல் கோலாப்பூரில் பிறந்தார். ஓவியரான தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். இதழ்களுக்கு ஆடைப் படங்கள் வரைந்தவர், பின்னர்த் திரையுலகில் நுழைந்தார்.

'காந்தி' படத்தின் பணி எளிதன்று. கதை 1893 முதல் 1948 வரை 55 ஆண்டுகளைத் தழுவியது. தென்னாப்பிரிக்காவில் இளம் வழக்கறிஞர்க்கு மேலைநாட்டு உடை. தாயகம் திரும்பியவர்க்கு நாட்டு உடை. பின்னர் முழங்கால் அளவுக் கதராடை. அண்ணல் அவ்வெளிய ஆடையை மேற்கொண்ட ஊர் தமிழகத்தின் மதுரை, ஆண்டு 1921. ஆடை பிழைபட்டால் காலமே பிழைபட்டுத் தோன்றும். சரியாக அமைந்தாலோ, ஆடையை எவரும் தனியே கவனிப்பதில்லை. திரைக்குப் பின்னே உழைப்போரின் நிலை இதுவே.

ஆயினும் அவ்வுழைப்பு கவனிக்கப்பட்டது. 1983 ஏப்ரல் 11 அன்று, ஜான் மொல்லோ என்பவருடன் இணைந்து ஆஸ்கர் விருதைப் பெற்றார் பானு. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. 'லேகின்', 'லகான்' படங்களுக்காகத் தேசிய விருதுகளும் பெற்றார்.

2012இல், தமக்குப் பின்னரும் அச்சிலை பாதுகாப்பாக இருத்தல் வேண்டும் எனக் கருதி, அதனை வழங்கிய அகாதெமியிடமே ஒப்படைத்தார். 2020 அக்டோபர் 15 அன்று மறைந்தார். பெயர்ப்பட்டியல் ஓடும்போதே அரங்கைவிட்டு எழுவோர் பலர். சற்றே அமர்ந்து படித்தால், அதில் இத்தகைய பெயர்கள் தோன்றும்.

சொற்பொருள்

அண்ணல் – பெருமைக்குரியவர்
மாந்தர் – மக்கள்
வரைகலை – கிராஃபிக்ஸ்
தழுவியது – உள்ளடக்கியது

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. இறுதி ஊர்வலக் காட்சி எங்கு, எந்நாளில் படமாக்கப்பட்டது?
2. 'ஆடை பிழைபட்டால் காலமே பிழைபட்டுத் தோன்றும்' – விளக்குக.
3. பானு அத்தையா ஆஸ்கர் சிலையை ஏன் திருப்பி அளித்தார்?

ஆ. பிரித்து எழுதுக: அவ்வுழைப்பு, அச்சிலை.

இ. உங்கள் வீட்டிலுள்ள பழைய நிழற்படம் ஒன்றைப் பாருங்கள். தாத்தா அல்லது பாட்டி அணிந்துள்ள உடையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு, ஐந்து தொடர்கள் எழுதுக.