இதய வால்வு அறுவைக் கருவிகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மணலியில் என் சிறிய தந்தையார் மாலை வேளைகளில் கைலியுடன் திண்ணையில் அமர்ந்திருப்பார். அவருடைய இடமார்பின் கீழிருந்து முதுகுவரை நீண்ட தழும்பு ஒன்று உண்டு. அது குறித்துக் கேட்டபோது, "டாக்டர் என் இதயத்துக்குள் விரலை விட்டார்" என்றார். சிறுவனாகிய யான் அதனை வேடிக்கைப் பேச்சென்றே கொண்டேன். அது முற்றிலும் உண்மை என்பதனைப் பின்னாளில் படித்தறிந்தேன். அவ்வுண்மையின் வரலாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் அமைந்தது ஈரிதழ் வால்வு. இதன் வாயில் இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் உண்டாகி, அதனைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் கீல்வாதக் காய்ச்சல் தாக்கினால், சில ஆண்டுகளில் வால்வின் இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன. வாயில் சுருங்கவே குருதி நுரையீரலில் தேங்குகிறது. மூச்சுத் திணறல் உண்டாகிறது.

கத்தியும் விரலும்

1923-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் என்பார் 12 வயதுச் சிறுமியின் இதயத்துள், தசைநாண் அறுக்கப் பயன்படும் மெல்லிய கத்தியைச் செலுத்தி இவ்வால்வை அறுத்தார். அச்சிறுமி நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தாள். பின்னர் அவர் வால்வில் ஒரு துண்டையே வெட்டியெடுக்கும் கருவியைக் கையாண்டார். அதனால் குருதி பின்னோக்கிக் கசிந்தது, நோயாளிகள் பிழைக்கவில்லை. அம்முயற்சி கைவிடப்பட்டது.

1925-இல் இலண்டனில் ஹென்றி சவுட்டர் கத்தியின்றித் தம் சுட்டுவிரலையே மேலறை வழியே செலுத்தி வால்வை விரித்தார். அப்பெண் பிழைத்தாள். ஆயினும் அவரிடம் வேறு நோயாளிகள் அனுப்பப்பெறவில்லை. 1948-இல்தான் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லியும், பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், இலண்டனில் ரஸ்ஸல் பிராக்கும் இவ்வறுவையில் வெற்றி கண்டனர். பெய்லி, விரலோடு பொருந்தும் சிறு கத்தியை வடிவமைத்தார். துடிக்கும் இதயத்தினுள் கண்ணால் காணவியலாது. எனவே விரல் தடவிக் கண்ட இடத்தில் மட்டுமே கத்தி இயங்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். இதழைத் துண்டிக்காமல், ஒட்டிய ஓரங்களை மட்டும் பிரிப்பதே முறை என்பதும் தெளிவாயிற்று.

அடுத்து வந்தது டப்ஸ் விரிப்பான். இரு அலகுகள் கொண்ட இக்கருவி கீழறையின் நுனியில் இட்ட சிறு துளை வழியே நுழையும். மேலறையிலுள்ள விரல் அதனை வால்வின் வாயிலுக்கு வழிநடத்தும். எவ்வளவு விரியலாம் என்பதனை ஒரு திருகு வரையறுக்கும். இதய நுரையீரல் இயந்திரம் இதற்குத் தேவையில்லை. கருவியைத் தூய்மை செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஏழை நாடுகளுக்கு இது பெரும் பேறாயிற்று.

வேலூரின் பங்கு

1949-இல் ரீவ் பெட்ஸ் என்னும் மருத்துவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக அறுவைத் துறையைத் தோற்றுவித்தார். அங்குப் பணியாற்றிய ஸ்டான்லி ஜான் குழுவினர், மூடிய முறையில் ஈரிதழ் வால்வைத் திறந்த 3,724 நோயாளிகளின் நிலையை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்டனர். உலகம் உற்றுநோக்கிய ஆய்வு அது. 1984-இல் ஜப்பானின் கான்ஜி இனோவே தம் பலூன் முறையை வெளியிட்டார். இது தொடை நாளத்தின் வழியே செல்வது. நெஞ்சைத் திறக்க வேண்டுவதில்லை. எனினும் ஒட்டிய ஓரங்களைப் பிரித்தல் என்னும் அடிப்படை மாறவில்லை.

முடிவுரை

என் சிறிய தந்தையாருக்கு இளமையில் முழங்கால் வீங்கியபோது, "வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிட்டனர். நெருக்கமான குடியிருப்புகளில் இக்கிருமி எளிதில் பரவும். பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்து, சில வாரங்களில் மூட்டுக்கு மூட்டு வலி மாறினால் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நோய் உறுதியானால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாது தொடர்தல் வேண்டும். அறிஞர் பலர் கருவி சமைத்துத் திறந்த அவ்வாயில், முதலில் அடைபடாமலே காக்கப்படலாம். பெற்றோரும் ஆசிரியரும் இதனை மனங்கொள்வாராக.