கருவிக் கொட்டகைக்குச் சொந்த மரம் போதும்

பவர் டில்லர், ஆயில் என்ஜின், மருந்து தெளிப்பான், கொழு, மண்வெட்டி என்று சிறு விவசாயியிடமும் இன்று கணிசமான இரும்புச் சாமான் சேர்ந்துவிட்டது. இவற்றில் பல கடனுக்கு வாங்கியவை. ஆனால் அவை இருக்கும் இடம் வேப்ப மரத்தடி, அல்லது கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில். கடன் தவணை முடியும் முன்பே துரு ஏறிவிடுகிறது. இரும்புக் குழாயில் ஷெட் போடச் செலவு அதிகம் என்று பலர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். வரப்பிலும் கொல்லையிலும் உள்ள சவுக்கு, பனை, வேம்பு, தென்னை ஆகியவற்றைக் கொண்டே வண்டியும் கருவியும் நிறுத்த ஒரு கொட்டகையும், அதன் ஓரத்தில் ஒரு சிறு பட்டறையும் அமைத்துக் கொள்ளலாம்.

மரக் கொட்டகை நாலு மழைக்கு மேல் தாங்காது என்ற எண்ணம் சரியல்ல. சென்னை மயிலாப்பூரில் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய திண்ணை வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றின் மரத் தூண்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். எந்தத் தூணும் மண்ணில் புதைந்திருக்காது. ஒரு கல் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். மழைத் தண்ணீர் கல்லில் பட்டு வழிந்து போகும். கரையான் ஏற வேண்டுமானால் கல்லின் மேல் மண் புற்று கட்டித்தான் ஏற வேண்டும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதே வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம் போட்ட இடங்களில், மர உத்திரத்தின் நடுப்பகுதி நன்றாக இருக்க, சுவருக்குள் செருகிய முனை மட்டும் உளுத்துப் போவதுண்டு. சுவரில் இறங்கும் ஈரம் காற்றோட்டம் இல்லாமல் அங்கேயே தங்குவதுதான் காரணம். ஆக, மரத்தைக் கெடுப்பது வயதல்ல, மண்ணும் தேங்கிய ஈரமும்தான்.

ஆகையால் கொட்டகைக் கால்களைக் குழி தோண்டி நடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு அடி ஆழத்தில் கான்கிரீட் அடித்தளம் போட்டு, தரைக்கு மேல் ஒரு அடியாவது உயர்த்த வேண்டும். கான்கிரீட் இளகியிருக்கும்போதே கால் அங்குல கனமுள்ள இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்து, மரக்காலை அவற்றின் நடுவே நிறுத்தி போல்ட் போட்டு இறுக்கலாம். காலின் அடிப்பகுதி கான்கிரீட்டைத் தொடாமல் ஒரு விரற்கடை இடைவெளி இருப்பது நல்லது. மாதம் ஒரு முறை கல்லைச் சுற்றிப் பார்த்து, புற்று தென்பட்டால் தட்டிவிட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்த எதிரி காற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளில் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. தகரக் கூரைகள் பறந்தன. கூரை பாரம் தாங்காமல் விழுவது குறைவு. காற்று அதை மேலே தூக்குவதால்தான் அது போகிறது. ஆணி மட்டும் அடித்த கூரை, ஆணியோடு பிடுங்கிக் கொண்டு போகும். எனவே கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைக் காலோடும் இரும்புப் பட்டை, போல்ட் கொண்டு பிணைக்க வேண்டும். மூலைக் கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் கொடுக்காத கொட்டகை பக்கவாட்டில் சாயும். தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். மிகத் தட்டையான கூரையைவிடச் சற்றுச் சரிவான கூரை காற்றைத் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் முழுவதும் திறந்த கொட்டகைக்குள் காற்று புகுந்து கூரையைத் தூக்கும். எதிர்ச் சுவரிலும் காற்றுப் போக வழி விட வேண்டும்.

மரத்தைப் பொறுத்தவரை, கால்களுக்கு முதிர்ந்த பனையின் வைரம் சிறந்தது. நடுச்சோற்றை நீக்கிக் கருத்த வெளிப்பகுதியைப் பயன்படுத்த வேண்டும். முதிர்ந்த தென்னையிலும் அடிமரத்தின் வெளிப்பகுதிதான் கெட்டி. செங்கல்பட்டுக் கடற்கரை ஓரத்திலிருந்து சென்னைக்குச் சாரக் கம்பாகப் போகும் சவுக்கு, கைமரத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் போதுமான பலம் உள்ளது. ஆனால் பட்டையோடு விட்டால் வண்டு துளைக்கும். வெட்டியவுடன் பட்டையை உரித்து, நிழலில் கட்டைகளுக்கு இடையே இடைவெளி விட்டு அடுக்கி உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

பச்சையாக அறுத்த சட்டம், ரீப்பர்களை வெண்காரக் கரைசலில் ஊற வைத்தால் வண்டும் கரையானும் அண்டாது. 100 லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ என்ற அளவில் கரைக்கலாம். சில நாள் ஊறிய மரத்தைத் தார்ப்பாயால் மூடி நாலைந்து வாரம் வைத்திருந்து, பிறகு உலர்த்த வேண்டும். இந்த மருந்து மழையில் கரைந்து போகும். கூரைக்கு அடியில் நனையாமல் இருக்கும் மரத்துக்கு மட்டுமே ஏற்றது. கரைசல் கால்நடை குடிக்கும் தொட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக் கொள்ளவும்.

பவர் டில்லரும் பட்டறையும் சேர்ந்து இருக்க 10 அடி அகலம், 18 அடி நீளம் போதுமானது. தரையை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துவது அவசியம். தியாகராய நகர் 1920களில் பழைய நீண்ட ஏரியின் படுகையில் எழுந்த ஊர். ஏரியைத் தூர்த்தாலும் தண்ணீருக்குத் தாழ்வு எதுவென்று மறப்பதில்லை. மழைக்காலத்தில் அங்கு தெருக்களில் நீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உங்கள் ஊரில் ஏரி நிரம்பிய வருடம் நீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேல் ஒரு அடி மண் கொட்டித் தரை அமைக்கவும்.

வேலை மேசையை வடக்குப் பக்க ஜன்னலுக்கு அடியில் போட்டால் நாள் முழுவதும் வெளிச்சம் கிடைக்கும், வெயில் உறுத்தாது. மேசையின் உயரம் நிற்பவர் இடுப்பளவு இருந்தால் முதுகு வலிக்காது. உர மூட்டையை இந்தக் கொட்டகையில் வைக்க வேண்டாம். உப்புக் காற்றைப் போலவே உரமும் இரும்பை அரிக்கும். பூச்சி மருந்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியாகப் பூட்டி வைக்கவும். டீசல் டின்னும் சிம்னி விளக்கும் ஒரே இடத்தில் கூடாது.

பனை மரம் வெட்டுமுன் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே புயலில் சாய்ந்த, பட்டுப்போன பனையானாலும் கிராம நிர்வாக அலுவலரைக் கலந்து கொள்வது நல்லது. கருவிகளைப் பற்றிய ஆலோசனைக்கு அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும், மரம் பற்றிய விவரங்களுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் அணுகலாம்.