மாறுபட்டார் கூற்றைக் கேட்டல்

கருத்து வேற்றுமை நிகழுமிடத்துக் கோபத்தை அடக்கல் வேண்டும் என்பதை அறியாத ஆசிரியர் இலர். அடக்கமுடைமை, பொறையுடைமை, வெகுளாமை என்னும் அதிகாரங்களை ஆண்டுதோறும் கற்பிப்பவர் நாமே. ஆயினும், ஆசிரியர் கூட்டத்திலே ஒருவர் எழுந்து மறுத்து இரண்டு வார்த்தை சொல்லியவுடன், கேட்பவர்க்கு இருதயம் விரைந்து துடிக்கின்றது, முகஞ் சிவக்கின்றது, மறுப்பவர் சொல்லி முடிக்குமுன்னரே விடை நாவில் வந்து நிற்கின்றது. விடையைத் தேடுதலிலே மனம் ஈடுபட்டமையின், சொல்லப்பட்டதிற் பாதி செவியில் ஏறுவதில்லை.

நாவை அடக்கிய மாத்திரத்தானே மனம் நடுநின்றதாகுமோ எனின், ஆகாதென்க. வாய் மூடியிருந்துகொண்டே பிறர் கூற்றைக் கோணலாக நிறுப்பாரும் உளர். இதனை உளநூலார் பரீட்சித்துக் கண்ட வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது.

அமெரிக்காவிலே ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையில் சாள்ஸ் லோட், லீ றொஸ், மாக் லெப்பர் என்பார் தாம் செய்த ஆராய்ச்சியொன்றை 1979 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மரணதண்டனை வேண்டும் என்று கொண்ட மாணாக்கர் 24 பேரையும், வேண்டாம் என்று கொண்டோர் 24 பேரையும் தெரிந்து, ஒவ்வொருவர்க்கும் இரண்டு குறிப்புக்களை வாசிக்கக் கொடுத்தனர். ஒன்று, அத்தண்டனையாற் கொலை குறையும் என்று முடிவது. மற்றொன்று, குறையாது என்று முடிவது. இரண்டும் பரீட்சையின்பொருட்டே புனையப்பட்டவை. ஆராய்ந்த முறையையும் மாற்றி மாற்றி அமைத்தனர். சிலர்க்கு எம்முறையாற் கொலை குறையுமென்று காட்டப்பட்டதோ, வேறு சிலர்க்கு அம்முறையாலேயே குறையாதென்று காட்டப்பட்டது. விளைந்தது யாது? தத்தங் கொள்கைக்கு இசைந்த குறிப்பே செவ்வையாகச் செய்யப்பட்டது என்றும், இசையாதது குற்றமுடையது என்றும் இருசாராரும் மதித்தனர். இருபக்கத்தையும் வாசித்தபின், தாம் முன்னிலும் உறுதியாகத் தங் கொள்கையில் நிற்பதாகவே கூறினர்.

லோட், லெப்பர் என்னும் இருவரும் எலிசபெத் பிறெஸ்டன் என்பாருடன் கூடி 1984 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு இதனினும் பயனுடைத்து. சிலரை நோக்கி, நீதிபதிபோலப் பக்ஷபாதமின்றி மதிக்க என்று அறிவுறுத்தினர். அதனால் யாதொரு நன்மையும் விளைந்திலது. வேறு சிலரை நோக்கி, "இதே ஆராய்ச்சி இதே முறையாற் செய்யப்பட்டு எதிரான முடிபைத் தந்திருக்குமாயின், அப்பொழுதும் இவ்வாறே மதிப்பேனோ என்று படிதோறும் உம்மை நீரே வினாவுக" என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினர். இவரிடத்தே அக்கோட்டம் நீங்கிற்று.

காரணம் அறிதற்கு அரிதன்று. பக்ஷபாதமுடையோன் தன்னைப் பக்ஷபாதி என்று எண்ணுவதில்லை. தான் காண்பதே உள்ளபடி என்று எண்ணுகின்றான். ஆகவே "நடுநில்" என்றால், "நின்றேன்" என்பான். வினாவோ அவனுக்கு ஒரு வேலையைக் கொடுக்கின்றது.

நம் பாடசாலையிலே வைத்து நோக்குவாம். மாலை வகுப்பு வைத்தமையாற் சென்ற ஆண்டு சித்தியடைந்தோர் தொகை கூடிற்று என்று அதனை விரும்பும் ஆசிரியர் ஒருவர் சொல்கின்றார் என்க. தொகை குறைந்திருந்தால், ஓராண்டுக் கணக்கு அவருக்குப் போதியதாகுமோ? "அவ்வாண்டு மாணாக்கர் வேறு, வினாத்தாளும் கடினம்" என்பரன்றோ? குறைந்தபோது சொல்லத்தக்க அந்நியாயம் கூடியபோதும் நியாயமே. மாலை வகுப்பை வெறுக்கும் ஆசிரியரும் தம்மை இங்ஙனமே வினாவுதல் வேண்டும். தலைமையாசிரியர்க்கோ இவ்வினா இன்னும் அவசியம். அவரை மறுப்பார் சிலரே.

இவ்வினா நம் முன்னோர்க்கு முற்றும் புதியதன்று. நன்னூலார் எழுவகை மதங்களுள்ளே பிறர் மதத்தை மேற்கொண்டு களைதலையும் ஒன்றாக வைத்தார்.  மெய்கண்டார்பாற் கோபத்தோடு சென்ற சகலாகமபண்டிதர், ஆணவத்தின் சொரூபம் யாதென வினாவியபொழுது, அவர் தம்மையே நோக்கக் கண்டு அடங்கி அடிபணிந்தார் என்பது வரலாறு. அவரே பின்பு அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞானசித்தியாரை அருளிச்செய்தவர். அதன் பரபக்கத்திலே உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாக 14 திறத்தார் மதங்களையும் ஒவ்வொன்றாக முன்வைத்து, அதன்பின்னரே மறுதலை கூறினார். காட்சியே பிரமாணம் என்னும் உலகாயதன் கூற்றும் அங்கே இடம்பெற்று நிற்கின்றது. அதனை முன்வைத்தமையால் அவர் தஞ் சித்தாந்தத்தைக் கைவிட்டாரல்லர். பரபக்கத்தை ஒருபுறம் வைத்துச் சுபக்கத்தை மாத்திரங் கற்பிக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. முடிபை மாத்திரம் பெற்ற மாணாக்கன், அது எவ்வாதத்தை வென்று நின்றது என்பதை அறியான்.

மேல்வகுப்பு மாணாக்கனொருவன் "கடவுள் உண்டென்பதற்குப் பிரமாணம் என்னை?" என்று வினாவும்போது, பிரம்பை எடுத்தால் அவன் மௌனியாவான், ஐயம் நீங்கினானல்லன். அவன் வினாவை ஆசிரியர் முதலில் தம் வாயால் அநுவதித்து, "நீ சொல்லியது இதுதானோ?" என்று கேட்டல் நன்று. அவன் "ஆம்" என்னுமளவும் விடை சொல்லத் தொடங்கலாகாது. இதற்குச் செல்லுங் காலத்திலே ஆசிரியருடைய கோபமுந் தணியும்.

வாதப் பயிற்சியிலும், ஒரு பக்கத்தை எடுத்துப் பேசும் மாணாக்கன் எதிர்ப்பக்கத்துக்கு மூன்று நியாயங்களை எழுதிக் காட்டியபின் பேச எழுக என்று விதிக்கலாம். எளிதில் மறுக்கத்தக்க நியாயங்களையே தெரிந்து எழுதுவார் சிலர் உளர். அத்தாளை எதிர்ப்பக்கத்தான் கையிற் கொடுத்து, இவை தன் நியாயங்கள்தாமோ என்று அவனையே சொல்லச் செய்க. அவன் அல்லவென்றால், எழுதியவன் மீண்டும் எழுதுதல் வேண்டும்.