படத்தை அனுப்புவதா, பொருளை அனுப்புவதா?

தகவல் தொடர்பு பற்றிப் பேசும்போது, பெறுபவருக்குத் தேவை செய்தியின் பொருளே என்பதை உணர்த்த, எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளைச் செயல்பாட்டைச் செய்து வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1920 × 1080 பிக்சல் கொண்ட வண்ணப்படத்தில், பிக்சலுக்கு 3 பைட் வீதம், சுருக்காத நிலையில் 62,20,800 பைட்டுகள். 'தண்டவாளத்தில் இரண்டு யானைகள்' என்ற தொடருக்கோ யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் 80 பைட்டுகள்தான். 77,760 மடங்கு வேறுபாடு! ரயிலை நிறுத்த அந்த 80 பைட்டுகளே போதும். கோவை மதுக்கரையில் 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்புகின்றன.

இதன் அடுத்த படியே பொருண்மைத் தொடர்பு. அனுப்பும் முனை, படத்தின் பொருளை மட்டும் குறிப்பாக்கி அனுப்பும். பெறும் முனையில், உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு அக்குறிப்பைக் கொண்டு படத்தை மீண்டும் வரையும். சிக்னல் குறைந்த இடங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்க இது உதவும்.

செயல்பாடு: வகுப்பை இரு குழுக்களாகப் பிரிக்கவும். முதல் குழுவிடம் மட்டும் ஒரு படத்தைக் கொடுக்கவும்: தண்டவாளம், தாய் யானை, குட்டி. அவர்கள் பத்துச் சொற்களுக்குள் குறிப்பெழுத, இரண்டாம் குழு அதைப் படித்து வரையட்டும். பின்னர் இரு படங்களையும் ஒப்பிட்டு, 'சரியாக வந்தது', 'விடுபட்டது', 'புதிதாகச் சேர்ந்தது' என அட்டவணையிடச் செய்யவும்.

மூன்றாம் பத்தியில்தான் பாடம் இருக்கிறது. யாரும் சொல்லாத மரமும் மலையும் சூரியனும் அங்கே இடம்பெறும். குறிப்பில் இல்லாததை மாணவர் வழக்கத்தால் நிரப்புகிறார். கருவியோ பயிற்சியில் அதிகம் கண்டதைக் கொண்டு நிரப்புகிறது. சூரியன் கூடினால் கேடில்லை. 'இரண்டு யானைகள்' என்ற குறிப்பால் குட்டி பெரிய யானையாக மாறினால்? குட்டியுடன் இருக்கும் தாய் எளிதில் சீறும். வரைந்த படத்தை நம்பி அருகே செல்லும் வனக்காவலரின் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் சுற்றில், "வனக்காவலருக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் குறிப்பெழுதச் சொல்லவும். எண்ணிக்கை, குட்டி, நகரும் திசை ஆகியவை தாமாக முன்னே வரும். எதை அனுப்புவது என்பதைப் பெறுபவரின் பணியே தீர்மானிக்கிறது. அத்துடன், வரைந்த படத்தில் 'இது வரையப்பட்டது' என்ற குறிப்பு வேண்டும். ஐயம் எழுந்தால் பார்க்க அசல் படமும் கேமராவில் இருக்க வேண்டும்.

மதிப்பீட்டு வினா: தொலைவில் உள்ள மருத்துவர் நோயாளியின் காயத்தைப் பார்க்க வேண்டும். மீண்டும் வரைந்த படம் போதுமா? காரணம் கூறுக.