தடுப்பூசி நேரத்தில் தாய்ப்பால்

பிறந்த குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிமருந்து தராமலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அறுவையின்போது வலிமருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகள், பெறாதவர்களைவிட நன்றாகத் தேறினர்.

அறுவையோடு ஒப்பிட்டால் தடுப்பூசியின் வலி சிறியதுதான். ஆனால் அது அடிக்கடி வருகிறது. பிறந்தவுடன் இடது தோளில் பி.சி.ஜி., தொடையில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் மீண்டும் ஊசிகள். குழந்தை வீறிட்டு அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அடுத்த தவணையைத் தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு. அந்தத் தாமதம்தான் ஆபத்து. வலியைக் குறைக்கும் எளிய வழிகளை உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்திருக்கிறது. அவற்றுக்குச் செலவே இல்லை.

செய்ய வேண்டியவை

1. ஊசி போடுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே குழந்தையைப் பால் குடிக்க விடுங்கள். ஊசி போடும்போதும், போட்ட பின்பும் நிறுத்த வேண்டாம். உறிஞ்சுதல், தாயின் உடற்சூடு, பாலின் இனிப்பு மூன்றும் சேர்ந்து வலியைத் தணிக்கின்றன. புரை ஏறுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகளில் அப்படிப்பட்ட கேடு எதுவும் பதிவாகவில்லை.

2. பால் கொடுக்க இயலாவிட்டால் மேசையில் கிடத்தாமல் மடியில் அணைத்துக்கொள்ளுங்கள். தந்தையோ பாட்டியோ கூட அணைத்துக்கொள்ளலாம்.

3. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இருந்தால் அது முதலில். அடுத்துத் தாய்ப்பாலும் ஊசியும். ஒரே நாளில் பல ஊசிகள் இருந்தால், அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

சேனை வைக்கும் வழக்கத்தை நினைத்துத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் தடவாதீர்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. கொடிய நச்சுக் கிருமி அதில் இருக்கக்கூடும். சில மருத்துவமனைகளில் அளவறிந்து சர்க்கரைக் கரைசல் தருவார்கள். அது அவர்கள் பொறுப்பு. காய்ச்சல் வருமுன்பே பாரசிட்டமால் கொடுப்பதும் வேண்டாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும், அது இயல்பு. அதன்மேல் எதுவும் பூசாதீர்கள்.

ஊரில் என்றால் அம்மாவோ அத்தையோ கூட வந்து நர்ஸிடம் பேசுவார்கள். இங்கே இளந்தம்பதிகள் தனியாகத்தான் போகிறார்கள்; நெரிசலில், அரைகுறை இந்தியில் கேட்கத் தயங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு வாக்கியம் போதும்: "பச்சே கோ தூத் பிலாதே ஹுவே டீக்கா லகா தீஜியே." பால் கொடுக்கும்போதே ஊசி போடுங்கள் என்று பொருள். தயங்காமல் கேளுங்கள். வாய் திறந்து கேட்கக் குழந்தையால் முடியாது.